78,000 கி.மீ.ல டிபிஎஃப் அடைப்பு: மாத்தச் சொல்றாங்க, சுத்தம் பண்ணா போதுமா? (பெங்களூரு)

பெல்லந்தூர் பாலா | செவ்வாய், இரவு 10:42

வணக்கம் மக்களே. வண்டி 2021 மாடல் பிஎஸ்6 டீசல் எஸ்யூவி, 78,000 கி.மீ. ஓடியிருக்கு. எந்தக் கம்பெனின்னு சொல்லல, அப்புறம் இழை அதுலயே போயிடும். ரெண்டு வாரமா டிபிஎஃப் (டீசல் புகையில இருக்கற கரியைப் பிடிக்கற ஃபில்டர்) மஞ்சள் விளக்கு வந்து வந்து போச்சு. போன வியாழன் இன்ஜின் விளக்கும் சேந்துக்கிச்சு. சில்க் போர்டு பாலம் ஏறும்போது இழுவையே இல்ல. பின்னாடி வந்த பஸ் டிரைவர் அடிச்ச ஹாரன் இன்னும் காதுல இருக்கு.

சர்வீஸ் சென்டர்ல ஸ்கேனர் போட்டுட்டு, பத்தே நிமிஷத்துல "டிபிஎஃப் ஜாம் சார், முழு அசெம்பிளி மாத்தணும், 1,90,000 ஆகும்"னாங்க. சுத்தம் பண்ண முடியாதான்னு கேட்டேன். "நாங்க அதெல்லாம் பண்றதில்ல." வாரண்டி முடிஞ்சு போச்சு.

என் ஓட்டம்: பெல்லந்தூர் டு மாரத்தஹள்ளி, போக 7, வர 7. தூரம்தான் 7, நேரம் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி. ஊருக்குப் போறது வருஷத்துக்கு ரெண்டு தடவை.

கழுவினா சரியாகுமா? இங்க யார் ஒழுங்கா பண்றாங்க?

---

ஒசூர் ரோடு மணி | செவ்வாய், இரவு 11:05

பாலா ப்ரோ, காசை எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடி எரர் கோடு (ஸ்கேனர் காட்டற பிழை எண்) என்னன்னு சொல்லுங்க. பி2463ன்னா கரி அதிகமாச்சுன்னு அர்த்தம். பி242எஃப்ன்னா சாம்பல். பி2002 வந்தா ஃபில்டர் வடிகட்டுறதையே விட்டுடுச்சு, உள்ள விரிசல் இருக்கலாம். மூணுக்கும் ஒரே விளக்குதான் எரியும், வைத்தியம் வேற வேற.

கையில ப்ளூடூத் ஓபிடி (வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கற குட்டி ரீடர்) இருந்தா மூணு நம்பர் எடுங்க. டிபிஎஃப்புக்கு முன்னாடியும் பின்னாடியும் இருக்கற அழுத்த வித்தியாசம், கிலோ பாஸ்கல்ல.

1. சாவி ஆன், இன்ஜின் ஆஃப். 0 காட்டணும். காட்டலன்னா சென்சாரே பொய் சொல்லுது.
2. இன்ஜின் சூடான பிறகு ஐடில்ல. நல்ல ஃபில்டர்னா 1-க்குள்ள நிக்கும்.
3. நிறுத்தி வச்சு 2,500 ஆர்பிஎம். வண்டிக்கு வண்டி மாறும், ஆனா 10-ஐத் தாண்டினா சந்தேகப்படணும்.

அந்த சென்சாருக்குப் போற ரெண்டு ரப்பர் ஹோஸையும் தொட்டுப் பாருங்க. சூட்டுல வெடிச்சிருக்கும், இல்ல உள்ள கரி அடைச்சிருக்கும். 300 ரூபா ஹோஸுக்கு ரெண்டு லட்ச ரூபா பில் போட்ட கதை எனக்கே தெரியும்.

---

டர்போ தீனா | செவ்வாய், இரவு 11:31

எதுக்கு இவ்ளோ தலைவலி மச்சி. டிபிஎஃப் உள்ள இருக்கற தேன்கூடு மாதிரி ஃபில்டரைத் தூக்கிட்டு காலி டப்பா மாட்டு, ஈசியூ மேப் (இன்ஜின் கம்ப்யூட்டர் ப்ரோக்ராம்) மாத்து. மைலேஜும் ஏறும், ஜென்மத்துக்கும் விளக்கு வராது. நான் ரெண்டு வண்டிக்குப் பண்ணியிருக்கேன்.

---

ஒசூர் ரோடு மணி | புதன், காலை 7:50

தீனா, பண்ணியிருக்கீங்க சரி, இங்க எழுதாதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4)படி வண்டியில இப்படி மாத்தம் செஞ்ச ஓனருக்கு ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் சிறை, ரெண்டும் கூட வரலாம். புகைக்கு 190(2) தனி, அது 10,000 வரை போகும்.

சட்டத்தை விடுங்க. மேப் மாத்தற ஆளு சென்சாரையெல்லாம் ஊமையாக்கிட்டுத்தான் தருவான். நாளைக்கு நிஜமாவே இன்ஜெக்டர் ஒழுகினா உங்களுக்குச் சொல்ல வண்டியில யாரும் இருக்க மாட்டாங்க.

---

டிப்போ தாத்தா | புதன், காலை 9:20

பாலா தம்பிக்கு. நான் பஸ் டிப்போவில் 34 வருஷம் இன்ஜின் செக்‌ஷன். ரிட்டயர் ஆகி ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறேன். பிஎஸ்6 வண்டிகளை டிப்போவில் பார்த்தது கடைசிக் கொஞ்ச நாள்தான், மீதி மகன் ஒர்க்‌ஷாப்பில் கற்றது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

அந்த டப்பாவுக்குள் இருப்பது பீங்கான் மாதிரி ஒரு கட்டி. கார்டியரைட், இல்லாவிட்டால் சிலிகான் கார்பைட். ஆயிரக்கணக்கில் நீள நீளமான பொந்து. ஒரு பொந்துக்கு வாய் திறந்திருந்தால் அடி அடைத்திருக்கும், பக்கத்துப் பொந்துக்கு வாய் அடைத்து அடி திறந்திருக்கும். புகை ஒன்றில் நுழைந்து, சுவரில் கசிந்து, அடுத்ததில் வெளியேறும். சுவரில் தங்குவது இரண்டு சரக்கு: கரி, சாம்பல்.

விறகு அடுப்பு பார்த்திருப்பாய். கரித்துண்டை ஊதினால் மறுபடி எரியும். சாம்பலை எவ்வளவு ஊதினாலும் எரியாது, வாரித்தான் கொட்ட வேண்டும். டிபிஎஃப்பும் அப்படித்தான். கரி 600 டிகிரி பக்கம் எரிந்து போகும், அதைத்தான் ரீஜென் என்கிறார்கள். ஹைவேயில் 300, 350 டிகிரியிலேயே நைட்ரஜன் டை ஆக்ஸைடு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும், உனக்குத் தெரியாமலே நடக்கும். சாம்பல் டீசலில் இருந்து வருவதில்லை. இன்ஜின் ஆயிலில் இருக்கிற கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ் எரிந்து மிஞ்சுவது. அது ரீஜெனில் போகாது. கழற்றித்தான் எடுக்கணும்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் உன் இன்ஜின் குடிக்கிறது என்று வைத்துக்கொள். ஏசிஇஏ சி3 (டிபிஎஃப் வண்டிக்கான ஐரோப்பிய ஆயில் தரம்) ஆயிலில் சாம்பல் 0.8 சதத்துக்கு மேல் போகக்கூடாது என்று விதி. லிட்டருக்குச் சுமார் 7 கிராம். 78,000-க்கு 55 கிராம். ரோட்டோரக் கடையில் பழைய லாரி ஆயில் ஊற்றினால் ஒன்றரை சதம் வரை சாம்பல், லிட்டருக்கு 13 கிராம். ஆயில் எங்கே மாற்றினாய்?

இன்னொரு கேள்விதான் முக்கியம். 78,000-த்தில் இவ்வளவு அடைப்பு வருமா? எங்கள் காலத்தில் இன்ஜினுக்கு உடம்பு சரியில்லை என்றால் சைலன்சர் சொல்லிவிடும். கறுப்புப் புகை வந்தால் காற்று பத்தவில்லை, நீலம் வந்தால் ஆயில் எரிகிறது, வெள்ளை வந்தால் தண்ணீர். டிப்போ கேட்டில் நின்றே பாதி வண்டிக்கு வியாதி சொல்வோம். இப்போது அந்தப் புகையை டிபிஎஃப் விழுங்கிவிடுகிறது. டர்போ ஹோஸ் கிழிந்து ஆறு மாதம் கறுப்பாகத் துப்பினாலும் பின்னால் வருகிறவனுக்குக்கூடத் தெரியாது. ஒரு நாள் மஞ்சள் விளக்கு எரியும், எல்லோரும் டிபிஎஃப்பைத் திட்டுவார்கள்.

இன்ஜின் ஆயில் அளக்கிற டிப்ஸ்டிக் எடுத்துப் பார்த்துச் சொல். மோந்தும் பார்.

---

பெல்லந்தூர் பாலா | புதன், இரவு 9:15

தாத்தா, பிரமிச்சுப் போயிட்டேன். கோடு பி2463. மணி சொன்ன நம்பர்: ஆஃப்ல 0.1, ஐடில்ல 2.3, 2,500-ல 17.

டிப்ஸ்டிக்ல ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல்கடை மேல நிக்குது! நான் ஊத்தவே இல்ல. டிஷ்யூல ஒரு சொட்டு விட்டேன், நடுவுல கறுப்பு, சுத்தி தண்ணி மாதிரி ஒரு வளையம் பரவுது. டீசல் வாசனை.

ஆயில் கேட்டீங்களே... கடைசி ரெண்டு சர்வீஸ் வீட்டுப் பக்கத்துக் கடையில. "15டபிள்யூ40, எல்லா டீசலுக்கும் இதான் சார்"னாரு. கேன்ல சிஐ-4ன்னு போட்டிருந்துது.

---

டிப்போ தாத்தா | புதன், இரவு 9:48

நினைத்தேன். சிஐ-4 என்பது நான் சொன்ன அந்தப் பழைய லாரி ஆயில்தான். ரீஜெனுக்கு வண்டி என்ன செய்கிறது? எக்ஸாஸ்டைச் சூடாக்க, பிஸ்டன் கீழே இறங்கும் நேரத்தில் கூடுதலாக ஒரு சொட்டு டீசல் தெளிக்கிறது. அது முன்னால் இருக்கிற டிஓசியில், அதாவது பிளாட்டினம் பூசிய வினையூக்கியில் போய் எரிந்து சூடு கொடுக்க வேண்டும். உன் ஏழு கிலோமீட்டரில் வண்டி ஆரம்பிக்கும், நீ ஆபீஸ் வாசலில் அணைத்துவிடுவாய். மறுநாள் மறுபடி ஆரம்பிக்கும். தெளித்த டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் சேர்ந்துவிட்டது.

வண்டியை இனிமேல் ஓட்டாதே. அந்த ஆயிலுக்குப் பசை இல்லை, டர்போ பேரிங் போய்விடும். பானட்டைத் திறந்து இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர வைப்பது) ஹோஸ் எல்லாவற்றையும் கையை விட்டுத் தடவு. அடிப்பக்கம்தான் கிழியும், கண்ணுக்குத் தெரியாது.

---

அல்சூர் அமுதா | வியாழன், காலை 8:05

ஃபோர்ஸ்டு ரீஜென் (ஸ்கேனர் வச்சு நின்ன இடத்துலயே கரியை எரிய விடறது) பண்ணலாம்னு யாராவது வீட்டுக்கே வந்து சொன்னா, தயவுசெஞ்சு பேஸ்மென்ட்ல விடாதீங்க. நான் எங்க அபார்ட்மென்ட் அசோசியேஷன்ல இருக்கேன். போன வருஷம் ஒருத்தர் மொபைல் மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து கீழ் பார்க்கிங்ல வச்சே பண்ணிட்டாரு. இருபது நிமிஷம் 3,000 ஆர்பிஎம்ல இன்ஜின் கத்துது. வாட்ச்மேன் "பெங்கி பெங்கி"ன்னு ஓடி வராரு. நெருப்பு இல்ல, ஆனா டெயில் பைப்புக்குப் பின்னாடி இருந்த பிவிசி குழாய் வதங்கின வெண்டைக்காய் மாதிரி தொங்கிட்டிருந்துது. அந்தப் புகையை மூணு மாடிக்கு லிஃப்ட் வழியா ஏத்தி விட்டது தனிக் கதை.

திறந்த வெளி, கீழ காஞ்ச புல் இல்லாத இடம், டெயில் பைப்புக்குப் பின்னாடி பத்தடி காலி. இது இருந்தா பண்ணுங்க.

---

பீன்யா பிரேம் | வியாழன், மதியம் 1:30

அந்த நம்பருக்கு ஃபோர்ஸ்டு ரீஜென் வண்டியே ஏத்துக்காதுக்கா. கரி ஒரு அளவைத் தாண்டினா ஈசியூ பூட்டிடும். கரி ரொம்ப இருக்கறப்போ பத்த வச்சா உள்ள ஒரே நேரத்துல எரிஞ்சு 1,000 டிகிரியைத் தாண்டும், பீங்கான் வெடிக்கும், இல்ல உருகும். ஸ்கேனர்ல அந்தப் பூட்டை உடைச்சு ஓட்டுற ஆளுங்க இருக்காங்க, அவங்ககிட்ட போகாதீங்க.

நான் பீன்யால டிபிஎஃப் சுத்தம் பண்ற ஷெட்லதான் வேலை பாக்கறேன், அதனால விளம்பரம்னு நினைச்சாலும் சரி. யார்கிட்ட குடுத்தாலும் மூணு கேள்வி கேளுங்க. முன்னயும் பின்னயும் எடை போடுவீங்களா? காத்து ஓட்டம் அளந்து பேப்பர் தருவீங்களா? எந்த முறைல பண்றீங்க? மூணுக்கும் "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்"னு பதில் வந்தா டப்பாவைத் தூக்கிட்டு வந்துடுங்க.

வாட்டர் வாஷ் பே-ல ஜெட் அடிச்சுக் கழுவறது இருக்கே, அது சாம்பலைக் குழைச்சு பொந்தோட அடியில சிமென்ட் மாதிரி கெட்டியாக்கிடும். ஒரு கஸ்டமர் அப்படிக் கழுவிட்டு எங்ககிட்ட வந்தாரு. கழுவின பிறகு எடை 400 கிராம் கூடியிருக்கு! பீங்கான் தண்ணியைக் குடிச்சிருக்கு. ஆசிட், பெட்ரோல், பாத்திரம் கழுவற பவுடர், எல்லாம் பாத்தாச்சு. ஆசிட் போட்டா பூச்சும் போயிடும். தண்ணில பண்ற முறையும் தப்பில்ல, ஆனா அதுக்குன்னு மெஷின் வேணும், கடைசில முழுசாக் காயணும்.

வீட்டுல யாரும் கம்ப்ரசர் பிடிச்சு ஊதாதீங்க. அந்தச் சாம்பல் மாவை விட நைஸ், உலோகம் கலந்தது, நுரையீரல்ல போய் உக்காந்துக்கும். நாங்க மூடின பெட்டிக்குள்ள வச்சு, மாஸ்க் போட்டுத்தான் ஊதறோம்.

---

கலாசிபாளையம் டிராவல்ஸ் | வியாழன், மாலை 6:10

பாலா சார் வண்டில ஆட்ப்ளூ (எஸ்சிஆர்ங்கற புகை சுத்தம் பண்ற வினையூக்கிக்காக ஊத்தற யூரியா கரைசல்) இருக்கா தெரியல, எங்க வண்டிங்கள்ல இருக்கு. சில்லறையா எங்க அனுபவத்தையும் போட்டு வைக்கறேன்.

எங்ககிட்ட ஒரு டிரைவர் காசு மிச்சம் பிடிக்க, உரக்கடை யூரியாவை போர் தண்ணில கரைச்சு டேங்க்ல ஊத்திட்டான். பில்லு மட்டும் ஆட்ப்ளூ பில்லு. 2015-லேர்ந்து நம்ம ஊர் யூரியாவுக்கு வேப்ப எண்ணெய் பூச்சு உண்டு, பயிருக்கு நல்லது, எஸ்சிஆருக்கு விஷம். போர் தண்ணி பத்தி இந்த ஊர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, கெட்டில்ல வெள்ளையா படியுதே, அதேதான் வினையூக்கி மேலயும் படியும். சரியான ஆட்ப்ளூன்னா 32.5 சதம் சுத்தமான யூரியா, மிச்சம் தாது நீக்கின தண்ணி, டப்பால ஐஎஸ்ஓ 22241 போட்டிருக்கணும். வெயில்ல வைக்காதீங்க, 35 டிகிரில வச்சா ஆறு மாசம்தான் தாங்கும்.

ஆட்ப்ளூ தெளிக்கற டோசிங் இன்ஜெக்டரைக் கழட்டினா முனையில கல்லுப்பு மாதிரி பூத்திருந்துது. மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவர் எடுத்தான், நான் கையைப் பிடிச்சுக்கிட்டேன். வெந்நீர்ல ஊற வச்சா தானா கரையும், குத்தினா முனை போயிடும். குழாய் வளைவுல மஞ்சளா இறுகிப் போனது மட்டும் வெந்நீருக்கு மசியல, அது சூட்டுல வேற சரக்கா மாறிடுது போல. அந்தத் துண்டையே மாத்தினோம்.

---

பெல்லந்தூர் பாலா | ஞாயிறு, இரவு 8:40

அப்டேட். நீளமா இருக்கும், டீ எடுத்துக்கோங்க.

வெள்ளிக்கிழமை பானட்டுக்குள்ள கையை விட்டேன். இன்டர்கூலர்லேர்ந்து வர்ற ஹோஸ், கிளாம்ப் பக்கத்துல அடியில, கை பூரா ஆயில் பிசுக்கு. கழட்டிப் பாத்தா கட்டை விரல் நீளத்துக்குக் கிழிசல். தாத்தா, நீங்க எங்க ஏரியா பக்கம் வந்தா ஃபில்டர் காபி என் செலவு.

வண்டியை டோ பண்ணி பீன்யா கொண்டு போனேன். சனிக்கிழமை பூரா பக்கத்துலயே நின்னேன். கழட்டறதே பாதி நாள். சூட்டு சென்சார் ஒண்ணு மரையோட இறுகிப் போச்சு, ராத்திரியே எண்ணெய் விட்டு வச்சிருந்தும் உடைஞ்சுது. அது ஒரு தண்டம்.

முதல்ல பின்பக்க முகத்துல டார்ச் அடிச்சுக் காட்டினாங்க. நான் கரியா இருக்கும்னு நினைச்சேன். புதுப் பீங்கான் மாதிரி வெளிர் சாம்பல் நிறம், விரலை வச்சுத் தேச்சா ஒண்ணும் ஒட்டல. "பின்னாடி கறுப்பு இருந்தா உள்ள விரிசல், அதைச் சுத்தம் பண்றது வேஸ்ட்டு"ன்னாங்க. அப்புறம் சென்சார் ஓட்டை வழியா குட்டிக் கேமரா விட்டாங்க. டிஓசியும் டிபிஎஃப்பும் என் வண்டில ஒரே டப்பா, நடுவுல ரெண்டு விரல் இடைவெளி. டிஓசியோட முகம் நல்லா இருந்துது. டிபிஎஃப் முகத்துல பொந்துங்க வாய் எல்லாம் கறுப்பு வெல்வெட் துணி போத்தின மாதிரி.

எடை: சூடு பண்ணித்தான் போடறாங்க, ஈரம் கணக்குல வரக்கூடாதாம். 9.462 கிலோ. அப்புறம் சூளை. ஒரேயடியா ஏத்தாம மெல்ல 600 வரைக்கும் கொண்டு போய், மெல்ல இறக்கறாங்க, ராத்திரி முழுக்க. காலையில 9.424. அதாவது 38 கிராம் கரி போச்சு. அப்புறம் பெட்டிக்குள்ள வச்சு பின்பக்கத்துலேர்ந்து காத்து. கண்ணாடி வழியா பாத்தேன், திருநீறு மாதிரி வெளிர் பொடி கொட்டுது. 9.357. இன்னொரு 67 கிராம்.

ஒரு டம்ளர் கூட நிறையாத பொடிக்கு 1,90,000 கேட்டிருக்காங்க.

---

டிப்போ தாத்தா | ஞாயிறு, இரவு 9:02

55 சொன்னேன், 67 வந்திருக்கிறது. மிச்சம் 12 கிராம் அந்த 15டபிள்யூ40 கடைக்காரர் உபயம்.

டிஓசி ஒரே டப்பாவில் இருப்பதால் ஒன்று கேட்கணும். பின்பக்கத்திலிருந்து ஊதும்போது வந்த சாம்பல் டிஓசி வழியாகத்தானே வெளியேறும்? அதில் தங்கவில்லையே?

---

பீன்யா பிரேம் | ஞாயிறு, இரவு 9:25

நல்ல கேள்வி தாத்தா. டிஓசி பொந்துங்க ரெண்டு பக்கமும் திறந்தது, ஆனாலும் கொஞ்சம் ஒட்டிக்கும். அதனால முன்முகம் கீழ பாக்கற மாதிரி நிக்க வச்சு ஊதி, கடைசில மறுபடி கேமரா விட்டுப் பாத்தோம். சார் போட்டோ எடுத்திருக்காரு.

பாலா சார், வண்டி மாட்டின பிறகு ஸ்கேனர்ல "டிபிஎஃப் மாத்தியாச்சு"ன்னு சும்மா ரீசெட் போட விடாதீங்க. சாம்பல் கணக்கு 0 ஆயிடும். நம்ம ஃபில்டர் சுத்தம்தான், ஆனா புதுசு இல்ல. உங்க வண்டில சுத்தம் பண்ணதுக்குத் தனி ஆப்ஷன் இருக்கு. அழுத்த சென்சாருக்கு 0 பாயின்ட் கத்துக் குடுக்கணும். பழைய கேஸ்கெட்டும் கிளாம்ப்பும் திரும்பப் போடாதீங்க, சின்னக் கசிவு இருந்தாலே அளவு தப்பாக் காட்டும்.

---

டர்போ தீனா | ஞாயிறு, இரவு 10:10

எல்லாம் சரி, மொத்தம் எவ்ளோ ஆச்சு? அதே 7 கி.மீ.தானே ஓட்டப் போறாரு, ஆறு மாசத்துல மறுபடி வருவாரு பாருங்க.

---

பெல்லந்தூர் பாலா | திங்கள், காலை 7:30

சுத்தம், கழட்டி மாட்ட கூலி, ஹோஸ், உடைஞ்ச சென்சார், கேஸ்கெட், ஆயில், டோயிங் எல்லாம் சேத்து 31,000. ஆயில் மேனுவல்ல போட்டிருக்கற, சாம்பல் கம்மியான ஏசிஇஏ சி3. வீட்டுப் பக்கத்துக் கடைக்காரர் கோவமா இருக்காரு.

நீங்க சொல்றது நியாயம்தான் தீனா. இந்த ஓட்டத்துக்கு டீசலே எடுத்திருக்கக் கூடாது, பெட்ரோல் எடுத்திருக்கணும். 2021-ல மைலேஜ் கணக்கு மட்டும்தான் போட்டேன். இப்போதைக்கு ரெண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறி ஒசூர் தாண்டி கிருஷ்ணகிரி வரைக்கும் போயிட்டு வரலாம்னு இருக்கேன். நாலாவது, அஞ்சாவது கியர்ல, 2,000 ஆர்பிஎம்முக்கு மேல. வீட்டுல தோசைக்காகப் போறோம்னு நம்பிட்டிருக்காங்க.

---

ஒசூர் ரோடு மணி | திங்கள், காலை 8:15

நடுவுல ரீஜென் ஆரம்பிச்சா தெரிஞ்சுக்க: ஐடில் கொஞ்சம் ஏறும், ரேடியேட்டர் ஃபேன் வேகமா சுத்தும், நின்னாலும் ஒரு சூட்டு வாசனை வரும். ஆபீஸ் வாசல்ல இது வந்தா அணைக்காதீங்க, ரிங் ரோடுல இன்னொரு சுத்து போயிட்டு வாங்க. டேங்க்ல கால் பங்குக்கு மேல டீசல் இருக்கட்டும், குறைஞ்சா சில வண்டி ரீஜென் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது.

---

பெல்லந்தூர் பாலா | மூணு வாரம் கழிச்சு, ஞாயிறு, மாலை 5:20

கிருஷ்ணகிரி போயிட்டு வந்தாச்சு. ஆஃப்ல 0, ஐடில்ல 0.4, 2,500-ல 4. விளக்கு எதுவும் இல்ல. ரீஜென் ஒண்ணு ஒசூர் தாண்டி ஆரம்பிச்சு பதினெட்டு நிமிஷத்துல முடிஞ்சுது, ஆப்ல பாத்துக்கிட்டே வந்தேன். வீட்டம்மா தான் "ரோட்டைப் பாருங்க"ன்னு கத்தினாங்க.

---

டிப்போ தாத்தா | ஞாயிறு, மாலை 6:05

டிப்ஸ்டிக்?

---

பெல்லந்தூர் பாலா | ஞாயிறு, மாலை 6:31

இப்பதான் கீழ இறங்கிப் போய்ப் பாத்துட்டு வரேன் தாத்தா. மேல் கோட்டுக்கு ஒரு நூல் கீழ. மோந்தும் பாத்தேன். ஆயில் வாசனை மட்டும்தான்.